காயங்களுக்குக் கமிட்டி பொறுப்பல்ல

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் எங்கள் அதியமான்கோட்டைப் பையன்கள் நாலு பேர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். பொங்கலுக்குக் கபடிப் போட்டி வைக்கிறார்களாம். அதை ஒட்டி ஒரு சிறு மலர் போடப் போகிறார்களாம். மலரில் 'கபடியின் வரலாறு' என்று நான் ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டுமாம். கதை எழுதுகிறவனிடம் சரித்திரம் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஊர்ப் பையன்கள்; மறுக்க மனம் வரவில்லை. "சரி, எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

போகிற போக்கில் ஒரு பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். போட்டிக்கு அடிக்கப் போகிற நோட்டீஸ். அதில் தமிழ்ப் பிழை இருந்தால் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றான். இப்படிப்பட்ட நோட்டீஸ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே சாமி பெயர். கீழே ஊர்ப் பெரிய மனிதர்கள் பெயர். நடுவில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நுழைவுக் கட்டணம். கடைசியில், எல்லா நோட்டீஸிலும் இருக்கிற அந்த இரண்டு வரி: 'நடுவர் தீர்ப்பே இறுதியானது. விளையாட்டில் ஏற்படும் காயங்களுக்கு கமிட்டி பொறுப்பல்ல.'

பேனாவை எடுத்தேன். 'காயங்களுக்கு' என்பதற்குப் பக்கத்தில் ஒரு 'க்' போட்டேன். ஒற்று மிக வேண்டிய இடம் அது. திருப்தியோடு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

திண்ணையில் என் தாய்மாமன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது காலை அவரால் முழுக்க மடக்க முடியாது. நீட்டித்தான் உட்கார வேண்டும். நான் எழுதியதையும் பையன்கள் வாங்கிக்கொண்டதையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இன்னா மாப்ளே திருத்தினே?" என்று கேட்டார்.

படித்துக் காட்டினேன்.

"எழுத்தைத்தானே திருத்தினே? சேதியைத் திருத்தலியே?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பையன்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த வரி அச்சடித்த ஒரு நோட்டீஸ் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்.

மாமா அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்ற பிடிகாரர். பாடிப் போகிறவனைத்தான் ஜனங்கள் கொண்டாடுவார்கள். பிடிக்கிறவனை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள் மாமாவைக் கவனிப்பார்கள். எதிராளி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்து, கையை நீட்டி, ஒரு காலைப் பின்னுக்கு இழுக்கிற அந்த ஒரு நொடியில் மாமா கணுக்காலைப் பற்றிவிடுவார். பற்றினால் விட்டதில்லை. கேழ்வரகு அறுத்த கொல்லையில், சாம்பலால் கோடு கிழித்து, ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் அவர் ஆடியதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பகலில் அவருக்குச் செங்கல் சூளையில் வேலை. நாளுக்கு அறுபது ரூபாய் கூலி. ஆட்டத்துக்குப் போகிற நாளில் அது இல்லை.

1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் இந்தியா கபடியில் தங்கம் வாங்கியது. அந்த அணியில் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கிராமத்துக் கணேசன் இருந்தார். மறு வருஷம் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. பத்திரிகையில் வந்த படத்தைக் கத்தரித்து மாமா தம்முடைய தகரப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கணேசன் முகத்தில் விழிப்பார். "கிராமத்து ஆளுதான் மாப்ளே, நம்மளை மாதிரி" என்பார்.

1998 தை மாதம், வேறொரு ஊரில் ஒரு போட்டி. ஊர்ப் பெயர் வேண்டாம். அரையிறுதியில் மூன்று பேர் மாமாவின் மேல் விழுந்தார்கள். முழங்கால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. போட்டி நடத்தியவர்கள் பொல்லாதவர்கள் அல்ல; சோடா வாங்கிக் கொடுத்தார்கள்; ஒரு வேனில் ஏற்றிவிட்டார்கள்; 'சிறந்த பிடிவீரர்' என்று ஒரு கேடயமும் கொடுத்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யவேண்டும் என்று சொன்னார்கள். அதற்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு ஐந்து மாசம் படுத்திருந்தார். பாட்டி இரண்டு வெள்ளாடுகளை விற்றாள். என் தாயார் சீட்டுப் பணத்தை எடுத்தாள்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். என் சம்பளத்தையும் ஹாஸ்டல் செலவையும் கட்டிக்கொண்டிருந்தது மாமாவின் சூளைக் கூலி. இரண்டு வருஷத்தோடு ஏன் படிப்பை நிறுத்தினீர்கள் என்று பேட்டி காண வருகிறவர்கள் கேட்பதுண்டு. "படிப்பு ஏறவில்லை, இலக்கியம் இழுத்தது" என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். எழுத்தாளனுக்கு அது அழகான பதில். ஆனால் உண்மை அதுவல்ல. படிப்பு நன்றாகவே ஏறியது. மாமாவின் கால்தான் ஏறவில்லை.

மூன்றாம் வருஷத்துக்குப் பணம் கட்டவேண்டிய சமயத்தில் அந்தப் போட்டி நடத்தியவர்களிடம் போய்க் கேட்டுப் பார்க்கலாமா என்று நான் ஒரு தடவை சொன்னேன். மாமா அந்த நோட்டீஸை எடுத்து என்னிடம் கொடுத்தார். கடைசி வரியின் மேல் விரலை வைத்தார். "முன்னாடியே சொல்லிட்டாங்க இல்ல?" என்றார்.

பையன்களுக்குச் சரித்திரம் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பாவத்துக்குச் சில புத்தகங்களைப் புரட்டினேன். கபடியைத் தேடப் போன இடத்தில் அதன் தாயாதி ஒன்று கையில் அகப்பட்டது. ரக்பி என்று ஓர் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிரிகள் அவன் இடுப்பைக் கட்டிக் கீழே தள்ளுவார்கள். பந்தை எடுத்துவிட்டால் ஏறக்குறைய நம்முடைய ஆட்டந்தான். அதில் யூனியன், லீக் என்று இரண்டு பிரிவு உண்டு. ஒரே ஆட்டம் ஏன் இரண்டாயிற்று என்று பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், கூலி.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர், லங்காஷயர் என்ற பகுதிகள் உண்டு. நெசவாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்தவை. அங்கே ரக்பி ஆடியவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமையும் காலையில் வேலை உண்டு. வெளியூருக்கு ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். தெற்கே ஆட்டத்தை நிர்வகித்தவர்களோ பெரிய பள்ளிக்கூடங்களிலே படித்த கனவான்கள். ஆட்டத்துக்குப் பணம் வாங்குவது கௌரவக் குறைவு என்பது அவர்களுடைய சித்தாந்தம். வடக்கத்தியார் கேட்டது சம்பளம்கூட அல்ல. ஆடப் போனதால் இழந்த கூலியை மட்டும் ஈடுகட்டுங்கள் என்றார்கள். 1893-ல் லண்டனில் கூடிய பொதுக்கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வந்தது. ஆதரவாக 136 ஓட்டு, எதிராக 282. தீர்மானம் தோற்றது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியவில்லை. அதே காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் வைத்திருந்தார்கள். அது கலைந்தபோது பாங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, அவற்றை உருக்கி, ஒரு கோப்பை செய்து, 1878-ல் லண்டன் யூனியனுக்குக் கொடுத்தார்கள். மூடியின் மேல் யானை உருவத்தோடும் நாகப் பாம்புக் கைப்பிடிகளோடும் கூடிய அந்தக் 'கல்கத்தாக் கோப்பை'க்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் ஆடுகின்றன. நம்முடைய ரூபாயை உருக்கிக் கோப்பை செய்வது கௌரவம். அதையே ஒரு சுரங்கத் தொழிலாளியின் கையில் கூலியாகக் கொடுத்தால் கௌரவக் குறைவு! கேடயத்துக்குப் பணம் உண்டு, முழங்காலுக்கு இல்லை என்பது எங்கள் பக்கத்துக் கமிட்டிகள் மட்டும் கண்டுபிடித்த நீதி அல்ல.

1895 ஆகஸ்டு 29-ஆம் தேதி ஹட்டர்ஸ்பீல்டு என்ற ஊரில், ஜார்ஜ் ஹோட்டலில், வடக்கத்திக் கிளப்புகள் கூடின. லண்டனோடு உறவை அறுத்துக்கொண்டு 'வடக்கு ரக்பி யூனியன்' என்று ஒரு தனிச் சங்கம் கண்டன. அந்தச் சங்கம் செய்த காரியம் என்ன தெரியுமா? இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டதுதான். ஆட்ட விதிகளை எல்லாம் அப்புறந்தான் மாற்றினார்கள். 1897-ல் அவர்களுடைய முதல் சவால் கோப்பையை பாட்லி என்ற சின்ன ஆலை ஊர் ஜயித்தது. 1898-ல் ஆட்டத்துக்கே சம்பளம் கொடுக்க அனுமதித்தார்கள். ஆனால் ஆட்டக்காரனுக்கு வேறு ஒரு தொழிலும் இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 1906-ல் பதினைந்து பேரைப் பதின்மூன்றாகக் குறைத்தார்கள். பிடிபட்டு விழுந்தவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, ஆட்டத்தைத் தொடரலாம் என்று விதி செய்தார்கள். 1922-ல் சங்கத்தின் பெயர் 'ரக்பி புட்பால் லீக்' ஆயிற்று.

கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. 1907-ல் அலெக் பர்டன் என்ற சிட்னி ஆட்டக்காரர் ஆட்டத்தில் அடிபட்டார். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஈடு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்குள் இருந்த மனக்குறை அதனால் கொதித்தது. அந்த ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர்: விக்டர் டிரம்பர். மட்டை பிடிப்பதில் மகா கலைஞர். அவர்தான் சங்கத்துக்குப் பொருளாளர். 1908-ல் முதல் போட்டித் தொடர் நடந்தது. சவுத் சிட்னி ஜயித்தது. 1909-ல் கணக்கு வழக்கில் தகராறு வந்து, டிரம்பர் உட்பட ஆரம்பித்தவர்கள் பதவி இழந்தார்கள். கமிட்டிக் கணக்கில் சண்டை வருவதும் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

லண்டன் யூனியன் தன் பிடிவாதத்தை விட எத்தனை வருஷம் ஆயிற்று? சரியாக நூறு. 1995-ல்தான் அமெச்சூர் விதியை எடுத்தார்கள். ஒரு நாள் கூலிக்காக நூறு வருஷ வழக்கு!

இனி நம் கதைக்கு வருகிறேன். சடுகுடு, பலிஞ்சடுகுடு என்று நாம் சொன்னதை மராட்டியர் ஹுதுது என்றார்கள், வங்காளத்தில் ஹாடுடு. ஊருக்கு ஒரு விதி இருந்தது. எங்கள் ஊரில் செத்தவன் செத்தவன்தான். கடைசி ஆள் விழுகிற வரைக்கும் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு இடத்தில் எதிராளி ஒருவன் செத்தால் நம்மவன் ஒருவன் எழுந்து உள்ளே வருவான். 1918 வாக்கில் மராட்டியப் பக்கத்தார் விதிகளை ஒழுங்கு செய்ய உட்கார்ந்தார்கள். 1923-ல் அவை அச்சேறின. அதே வருஷம் பரோடாவில் ஒரு அகில இந்தியப் போட்டி நடந்தது. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் அமராவதியிலிருந்து போன ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் அங்கே கபடியை ஆடிக் காட்டினார்கள். 1950-ல் அகில இந்தியக் கபடிச் சம்மேளனம் ஏற்பட்டது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952-ல் நம் சென்னையில் நடந்தது. பெண்களுக்கு 1955-ல் கல்கத்தாவில். செத்தவன் எழுகிற விதிதான் தேசத்துக்குப் பொது விதி ஆயிற்று. களத்தின் அளவு, ஆள் ஏழு பேர், ஒரு பாட்டுக்கு முப்பது வினாடி என்று எல்லாம் திட்டமாயின.

1970-களின் ஆரம்பத்தில் இந்தச் சம்மேளனத்தின் இடத்தில் 'இந்திய அமெச்சூர் கபடிச் சம்மேளனம்' வந்தது. மாநிலத்துக்கு ஒரு சங்கம், அதன் கீழே மாவட்டத்துக்கு ஒரு சங்கம். இங்கேயும் தமிழ்நாடு மாநில அமெச்சூர் கபடிக் கழகம் என்றுதான் பெயர். 1990-ல் பீஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது. இந்தியா தங்கம் வாங்கியது. அந்த அணியில் நம் ராஜரத்தினம் இருந்தார். சங்கங்கள் இல்லாவிட்டால் இதெல்லாம் நடந்திராது. ஊருக்கு ஒரு விதி இருந்த ஆட்டத்தை உலகத்துக்கு ஒரு விதியாக்கியது சாதாரணக் காரியமல்ல. அந்தப் பெருமையை நான் குறைக்க வரவில்லை.

ஆனால் அந்த 'அமெச்சூர்' என்ற சொல்லின் மேல்தான் என் கண் நின்றுவிட்டது. இங்கிலாந்திலே ஆலைத் தொழிலாளியை வெளியே நிறுத்திய அதே சொல். அது கப்பலேறி வந்து, கேழ்வரகுக் கொல்லையில் வெறுங்காலோடு ஆடுகிற ஆட்டத்தின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. பணம் வாங்காமல் ஆடுகிறவன் என்று அதற்கு அர்த்தம். பணம் இருக்கிறவனுக்கு அது ஒரு நற்குணம். இல்லாதவனுக்கு? அவன் வாங்காதது மட்டுமல்ல, தன் கையிலிருந்து கொடுக்கவும் செய்கிறான். மாமா ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அறுபது ரூபாய் கொடுத்து ஆடினார். கடைசி ஆட்டத்துக்கு ஐந்து மாசக் கூலி கொடுத்தார். ஹட்டர்ஸ்பீல்டில் சங்கம் பிறந்ததே இந்தக் கேள்வியில்தான். நம்முடைய சங்கங்கள் மேலேயிருந்து கீழே வந்தன. விதியோடு வந்தன, கோப்பையோடு வந்தன. கேள்வி மட்டும் கொல்லையிலேயே நின்றுவிட்டது.

பதில் வரவே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. வேறு வழியாக வந்தது. ரயில்வேயும் போலீசும் பாங்கிகளும் நல்ல ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டன. சம்பளம் உண்டு, ஆடப் போக விடுப்பும் உண்டு. ஹட்டர்ஸ்பீல்டுக்காரர்கள் கேட்டதைவிட இது மேல். இப்போது தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2014-ல் புரோ கபடி என்று தொழில்முறைப் போட்டி வந்தது. 2017-ல் அதில் தமிழ் தலைவாஸ் சேர்ந்தார்கள். 2022 ஏலத்தில் பவன் செராவத் என்ற வடக்கத்தி வீரரை அவர்கள் இரண்டு கோடியே இருபத்தாறு லட்ச ரூபாய்க்கு எடுத்தார்கள். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டது. பருவம் முழுக்க ஆட முடியவில்லை. தொலைக்காட்சியில் அவரைத் தூக்கிக்கொண்டு போனதை மாமாவும் நானும் பார்த்தோம். மாமா தம் முழங்காலைத் தடவிக்கொண்டே, "பாவம்" என்றார். அதில் பொறாமை துளிக்கூட இல்லை. வலி தெரிந்தவன் குரல் அது. அடுத்த வருஷம் பவன் மறுபடி களத்தில் இறங்கினார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணிக்கு அவரே தலைவர். முழங்கால் முறிந்தால் கதை முடிந்தது என்று இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் செத்தவனும் எழுவான்.

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் தங்கம் வாங்கிய பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரிலிருந்து போன பெண் இருந்தாள். அரசு அவளுக்கு இருபத்தைந்து லட்ச ரூபாய் கொடுத்தது. கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவி ஒரு சினிமாவும் அதே வருஷம் வந்து ஓடிற்று. மேலே போனவர்களுக்கு இன்று வழி இருக்கிறது. சம்மேளனத்தின் உச்சியில் நாற்காலித் தகராறும் இருந்தது. தலைமை நீண்ட காலம் ஒருவரிடமும் பிறகு அவர் மனைவியிடமும் இருந்து, 2018-ல் டில்லி உயர்நீதிமன்றம் தலையிட்டு ஒரு நிர்வாகியை நியமித்தது. 2025-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லித்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவின் கைக்கு அது திரும்பி வந்தது. இவை பெரிய இடத்து வழக்குகள். ஆனால் பொங்கலுக்குப் பொங்கல், திருவிழாவுக்குத் திருவிழா, நூற்றுக்கணக்கான ஊர்களில் இந்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருக்கிறவன் யார்? கொத்தனார் கையாள், பெயிண்ட் அடிக்கிற பையன், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் பண்டிகைக்குத் திரும்பியவன். அவனுக்குச் சங்கமும் சம்மேளனமும் எட்டாது. அவனைப் பொறுத்த வரையில் சம்மேளனம் என்றால் அந்த நோட்டீஸ்தான். அதில் அவனைப் பற்றி எழுதியிருக்கிற ஒரே வரி, அவனுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது.

இதையெல்லாம் எழுதி முடித்து, பையன்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். மலருக்குக் கொஞ்சம் நீளம் என்றார்கள். பிறகு கமிட்டிப் பொருளாளன் மெதுவாகக் கேட்டான்: "அந்த வரியை எடுத்துட்டா, நாளைக்கு யாராச்சும் காலை ஒடிச்சுக்கிட்டு வந்து லட்ச ரூபா கேட்டா என்னாண்ணா பண்றது?"

நியாயமான கேள்வி. லண்டன் கனவான்கள்கூட இவ்வளவு நேர்மையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. மாமாதான் திண்ணையிலிருந்து சொன்னார்:

"லட்சம் யாருடா கேட்டாங்க? ஆஸ்பத்திரிக்கு வண்டி. கட்டுப் போட்ட செலவு. மூணு நாள் கூலி. அதுக்கு மேல உங்களால முடியாதுன்னு அதையே எழுதுங்க. முடிஞ்சதைச் சொல்லுங்கடா. ஒண்ணுமே இல்லைன்னு எதுக்குச் சொல்றீங்க?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலடி உயரக் கேடயங்கள் நாலு வாங்குவதாக இருந்தார்கள். அதில் இரண்டைக் குறைத்தால் ஒரு தொகை மிஞ்சும் என்று கணக்குப் போட்டார்கள். ஔவைக்கு நெல்லிக்கனியைக் கொடுத்தவன் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற ஊர், இரண்டு கேடயத்தை விட்டுக்கொடுக்காதா? வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதினார்கள்.

நோட்டீஸ் அச்சாகி வந்தது. பார்த்தால், புது வரி இருக்கிறது. அதற்குக் கீழே பழைய வரியும் இருக்கிறது! அச்சகக்காரர் பழக்க தோஷத்தில், விட்டுப்போயிற்று என்று நினைத்துத் தாமே சேர்த்துவிட்டாராம். என்னுடைய 'க்'கைக்கூடப் பிழையில்லாமல் போட்டிருந்தார். மறுபடி அடிக்கப் பணம் இல்லை. ஐந்நூறு நோட்டீஸையும் எங்கள் திண்ணையில் குவித்து, ஆளுக்கு ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை அடித்தோம். மாமாவும் அடித்தார். மற்றவர்கள் ஒரு கோடு இழுத்தால் அவர் இரண்டு கோடு இழுத்தார்.

போட்டி நடந்தது. இரண்டாம் நாள் ராத்திரி, வெளியூர்ப் பையன் ஒருவனுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. பெயிண்ட் வேலைக்குப் போகிறவன். தர்மபுரிக்குக் கூட்டிப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பொருளாளன் மூன்று நாள் கூலியை எண்ணி அவன் மறு கையில் வைத்தான். அவன் பணத்தையும் பார்த்தான், எங்களையும் பார்த்தான். இப்படி ஒரு சமாசாரம் அவனுக்குப் பழக்கமில்லை.

"எதுலண்ணா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் வேணாம். கை சரியாப் போனதும் வந்து ஆடு" என்றார் மாமா.